ஒத்தை எழுத்துக்கு இத்தனை அக்கப்போரா?

டிஸ்கி: கட்சிக்காரங்க யாரும் கோவிச்சுக்காதீங்க. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. :-)

2025 மார்ச் 13. மறுநாள் தமிழ்நாட்டு பட்ஜெட். முதல்வராக இருந்த ஸ்டாலின், பட்ஜெட்டுக்கான இலச்சினையை எக்ஸ் தளத்தில் போட்டார். முந்தைய வருசம் வரைக்கும் ₹ இருந்த இடத்தில் இந்த முறை ‘ரூ’. கூடவே ‘எல்லார்க்கும் எல்லாம்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான் விசயம். சாயங்காலத்துக்குள்ள நாடே ரெண்டுபட்டுப் போச்சு. ஒரு பக்கம் “தேசியக் குறியீட்டை அவமதிச்சுட்டாங்க, இது பிரிவினைவாதம்”னு கூச்சல். இன்னொரு பக்கம் “தமிழண்டா”ன்னு விசில். ஒத்தை எழுத்து. அதுவும் நம்ம மளிகைக்கடை அண்ணாச்சி தினமும் துண்டுச்சீட்டில் கிறுக்குகிற எழுத்து. இதுக்கா இத்தனை அக்கப்போர்?

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நீங்க சொல்லலாம். ஆனா இந்த ‘ரூ’ விவகாரத்தில் யாருமே பேசாத ஒரு பக்கம் இருக்கிறதா எனக்குத் தோணுது. எல்லாரும் மொழியைப் பத்திப் பேசினாங்க, கட்சியைப் பத்திப் பேசினாங்க. எழுத்தைப் பத்தி, அதாவது எழுத்தோட வடிவத்தைப் பத்தி யாரும் பேசலை. எனக்கு அதுதான் பைத்தியம். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையில் ‘ழ’வை எப்படி வளைச்சிருக்கான்னு பார்த்துக்கிட்டே இறங்க வேண்டிய ஸ்டாப்பை விடுகிற ஜாதி நான். அதனால என் பங்குக்கு.

முதலில் அந்த ₹ யாரோடது? கள்ளக்குறிச்சிக்காரரோடது. உதயகுமார். எங்க அயோத்தியாப்பட்டணத்தில் கிழக்கே பார்த்து உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் பஸ் ஏறினால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் தாண்டி அடுத்த பெரிய ஊர் கள்ளக்குறிச்சி. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படிச்சு, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு படிச்சு, அங்கேயே முனைவர் பட்ட ஆய்வும் செய்தவர். ஆய்வு எதில் தெரியுமா? தமிழ் எழுத்துருவியலில். ‘பராசக்தி’ என்று ஒரு தமிழ் எழுத்துரு செய்தவர். (பேரைக் கேட்டதும் உங்களுக்கு எந்த சினிமா ஞாபகம் வருதோ, எனக்கும் அதேதான்.) மத்திய அரசு நடத்தின போட்டிக்கு 3,331 வடிவங்கள் வந்தன. அதில் அஞ்சைக் கடைசிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தாங்க. அந்த அஞ்சில் இவருடையது ஜெயிச்சது. பரிசு இரண்டரை லட்சம். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேவநாகரி ‘ர’வையும், நிமிர்ந்து நிற்கிற கோட்டை எடுத்துவிட்ட ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒண்ணாக் குழைச்ச வடிவம். மேலே ரெண்டு படுக்கைக்கோடு. மூவர்ணக் கொடி, சமக்குறி, ரெண்டும் அதில் தெரியணும்னு விளக்கம்.

இன்னொரு கூத்து. அவருடைய அப்பா தர்மலிங்கம், ரிஷிவந்தியம் தொகுதியில் தி.மு.க. எம்.எல்.ஏ.வாக இருந்தவர். ஆக தி.மு.க.காரர் மகன் வரைஞ்சதை தி.மு.க. அரசு எடுத்துட்டு வேற போட்டது. பத்திரிகைக்காரங்களுக்கு அல்வா மாதிரி கிடைச்சது. அவர் வீட்டுக்கு மைக்கைத் தூக்கிட்டு ஓடினாங்க. அந்த மனுசன் சண்டைக்கே வரலை. இது தற்செயல், மாநில அரசோட முடிவு, நான் சொல்ல ஒண்ணுமில்லைங்கிற மாதிரி நாலு வார்த்தை பேசிட்டு ஒதுங்கிட்டார். அத்தனை பேர் பேசினதிலும் பெரிய மனுசத்தனமா இருந்தது அவர் பேச்சுதான்.

நிர்மலா சீதாராமன் அன்னைக்கே நீளமா ஒரு பதிவு போட்டார். அதில் ஒரு கேள்வி நியாயமானது. 2010-ல் ₹ வந்தப்போ மத்தியில் கூட்டணி ஆட்சியில் தி.மு.க.வும் இருந்ததே, அப்போ ஏன் எதிர்க்கலைன்னு கேட்டார். சரியான கேள்விதான். என்னைக் கேட்டால் பதிலும் இருக்கு. எழுத்து அப்படியேதான் இருக்கு, சுத்தி இருக்கிற காலம் மாறிடுச்சு. 2010-ல் ₹ ஒரு நாணயக் குறி, அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் மும்மொழிக் கொள்கைச் சண்டை உச்சத்தில் இருக்கு, பள்ளிக்கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடியை மத்திய அரசு தரலைன்னு மாநில அரசு புகார் சொல்லிட்டு இருக்கு. அந்த நேரத்தில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு ஆவணத்தின் அட்டையில் ‘ரூ’ன்னு போட்டால் அது வெறும் எழுத்து இல்லை, ஒரு வாக்கியம். ஒத்தை எழுத்தில் தலையங்கம் எழுதுறது எல்லாருக்கும் வாய்க்காது. அந்த ஒரு விசயத்துக்கு அதை யோசிச்சவரைப் பாராட்டத்தான் வேணும்.

பிரிவினைவாதம்னு சொன்னாங்களே, அதுதான் சுத்தப் பேத்தல். ரிசர்வ் வங்கி அடிக்கிற நோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் இடது ஓரத்தில் பதினஞ்சு மொழிகளில் வரிசையா எழுதியிருக்கும். அதில் தமிழிலும் ‘ரூபாய்’தான். அந்த வார்த்தைக்கு முதலெழுத்து என்ன? ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிற எழுத்து எப்படிங்க தேச விரோதம் ஆகும்?

சரி, இனி என் மேட்டர்.

எழுத்தில் அரசியல் புகுந்துடுச்சுன்னு சில பேர் ரொம்ப வருத்தப்பட்டாங்க. தமிழ் எழுத்தில் அரசியல் இல்லாம எப்போ இருந்தது? ஒருத்தர் ‘ஐயா’ன்னு எழுதறாரா ‘அய்யா’ன்னு எழுதறாரான்னு பாருங்க. அந்த முதல் எழுத்திலேயே அவர் எந்தப் பக்கம் உக்காந்திருக்கார்னு முக்கால்வாசி சொல்லிடலாம். ‘ஸ்டாலின்’ன்னு எழுதறவரும் ‘சுடாலின்’ன்னு எழுதறவரும் ஒரே ஆளைத்தான் சொல்றாங்க, ஆனா ஒரே ஆள் இல்லை. கிரந்தம் தவிர்க்கிறதா வேண்டாமான்னு நாம போட்ட சண்டைகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு லாரி லோடு தேறும். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால இருக்கிற இனிஷியல் தமிழிலா இங்கிலீஷிலா என்பது கூட ஒரு கட்சிதான். உலகத்தில் மத்த ஊர்லயெல்லாம் சட்டையைப் பார்த்துக் கட்சியைக் கண்டுபிடிப்பாங்க. நமக்கு எழுத்துப்பிழை மாதிரி தெரிகிற ஒரு சங்கதி போதும்.

இதில் ஆதி குரு யாருன்னா, எங்களுக்கு மேற்கே காவிரிக்கு அந்தாண்டை ஈரோட்டில் அச்சகம் வெச்சிருந்த ஒரு தாடிக்காரர்.

பெரியாரை எழுத்துச் சீர்திருத்தவாதின்னு பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிச்சுடுவாங்க. நான் அவரை வேற மாதிரிப் பார்க்கிறேன். தமிழ் எழுத்தோட வடிவத்தை வெச்சு அரசியல் பேசினவங்களில் அவரை மிஞ்ச இன்னும் ஆள் வரலை. 1935-ல் ‘குடி அரசு’ பத்திரிகையில் பதிமூணு எழுத்தை மாத்தினார். ணா, றா, னா என்று மூணு. ணை, லை, ளை, னை என்று நாலு. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்று ஆறு. உங்க வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்க. அதில் ‘லை’க்கு முன்னால நாம இப்போ போடுகிற சங்கிலிக் கொம்பு இருக்காது. எழுத்தோட தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி ஒட்டியிருக்கும். ‘றா’வுக்குப் பக்கத்தில் துணைக்கால் கிடையாது, எழுத்துக்குக் கீழேயே சுருட்டிவிட்டிருப்பாங்க. எங்க பாட்டி கடைசி வரைக்கும் அந்தத் தும்பிக்கை ‘லை’தான் போட்டாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது.

ஆனா அச்சகத்தில் அந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. ஈய எழுத்து காலம். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு வார்க்கணும், கேஸில் தனி அறை ஒதுக்கணும், கம்பாசிட்டர் கை தேடித் தேடி எடுக்கணும். ‘ம’வுக்கும் ‘ப’வுக்கும் ஒரே துணைக்கால் போதும்கிறப்போ ‘ண’வுக்கு மட்டும் எதுக்கு மாமியார் வீட்டு உபசாரம்? இதுதான் அவர் கேள்வி. அச்சடிக்கிறவனுக்கு லேசு, படிக்கிற பிள்ளைக்கு லேசு. எழுத்துங்கிறது கருவி. புனிதம் இல்லை. கருவி மழுங்கினால் தீட்டணும். எழுத்தைச் சரஸ்வதியா கும்பிடுகிற ஊரில் எழுத்தை அரிவாள்மணை மாதிரிப் பார்க்கச் சொல்றது எவ்வளவு பெரிய அரசியல்னு யோசிங்க. கட்டுரையில் என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்தோட எழுத்து கண்ணைக் குத்தியிருக்கும். அதுதான் வடிவத்தில் பேசறது.

அவர் கமிட்டி போடச் சொல்லிட்டுக் காத்திருக்கலை. தன் காசில், தன் பத்திரிகையில், வாசகர்கள் முகம் சுளிக்கிறதைப் பொருட்படுத்தாம, இதழுக்கு இதழ் அதே எழுத்தில் அடிச்சார். ‘குடி அரசு’க்குப் பின்னாடி ‘விடுதலை’யிலும் அதேதான். 1973-ல் அவர் செத்துப்போகிற வரைக்கும் அரசாங்கம் அதை ஏத்துக்கலை. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசுதான் ஆணை போட்டது. நாப்பத்து மூணு வருசம்! இன்னைக்கு நீங்களும் நானும், பெரியாரைத் திட்டி எழுதறவங்களும் கூட, அவர் வெட்டி ஒட்டின ‘லை’யில்தான் எழுதறோம். இதை விடப் பெரிய வெற்றி எழுத்துக்காரனுக்கு என்ன இருக்கு? ஆனா அவர் கேட்டதில் ஐயை ‘அய்’ ஆக்குகிறதும், ஔவை ‘அவ்’ ஆக்குகிறதும் ஆணையில் சேரலை. அதனாலதான் ‘அய்யா’ இன்னும் கட்சி அடையாளமா மிச்சமிருக்கு. அதையும் ஏத்திருந்தால் அடையாளம் கரைஞ்சு போயிருக்கும். யோசிச்சால் சிரிப்பா இருக்கு.

இந்த நாப்பத்து மூணு வருசத்தோடதான் நான் ‘ரூ’வை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அங்கதான் எனக்கு இடிக்குது.

நம்ம கட்சிகளுக்கு எழுத்தை வெச்சுப் போராடத் தெரியும். 1952 ஆகஸ்டில் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிச்சாங்க. 1953 ஜூலை 15-ல் டால்மியாபுரம் ஸ்டேஷன் பெயர் மேல ‘கல்லக்குடி’ன்னு எழுதின தாளை ஒட்டிட்டுத்தான் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து ரெண்டு உயிர் போச்சு. (₹-க்கு ஒப்புதல் கிடைச்சதும் ஜூலை 15. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தேதி ஒண்ணா இருந்ததால சொன்னேன்.) அந்தப் பழக்கம் இன்னும் விடலை. 2025 பிப்ரவரி 23-ல் பொள்ளாச்சியிலும் பாளையங்கோட்டையிலும் ஸ்டேஷன் பலகையில் இந்திக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சாங்க. ரயில்வேக்காரங்க மறுபடி எழுதிட்டாங்க.

அழிக்கிறதுக்கு ஒரு டப்பா பெயிண்டும் போட்டோ எடுக்க ஒரு ஆளும் போதும். அதுக்காக அந்தக் கோபம் பொய்யின்னு நான் சொல்லலை. எதிர்ப்பக்கம் எழுத்தை வெச்சு ஆடுற ஆட்டம் இன்னும் நைசானது. 2016 நவம்பரில் வந்த புது 500, 2000 ரூபாய் நோட்டில் தேவநாகரி எண்ணைச் சத்தமில்லாம நுழைச்சாங்க. மத்திய அரசு வேலைக்கு எந்த எண் வடிவம்னு அரசமைப்புச் சட்டம் 343-ல் சொல்லியிருக்கேன்னு மதுரையில் வழக்கே போட்டாங்க. 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட் கூத்து ஞாபகம் இருக்கா? ‘தஹி’ன்னு போட்டுட்டு, ‘தயிர்’ங்கிறதை அடைப்புக்குறிக்குள்ள போட்டுக்கலாம்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஆவின் மாட்டேன்னது, மாச முடிவில் ஆணையைத் திருத்திக்கிட்டாங்க. அதில் என்னை உறுத்தினது ‘தஹி’ இல்லை, அந்த அடைப்புக்குறி. “நீயும் இரு, ஆனா அந்த ரெண்டு வளைவுக்குள்ள இரு”. ஒரு மொழியைத் திண்ணையில் உக்கார வைக்க ரெண்டு வளைகோடு போதும் பாருங்க. அதை வரைஞ்ச அதிகாரிக்கு அது தெரிஞ்சிருக்குமான்னு கூடச் சந்தேகம்தான்.

இப்படி ஒரு சின்னக் கோடு என்னென்ன பண்ணும் என்பதுக்கு வெளிநாட்டு உதாரணம் ஒண்ணு. 1968-ல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. மார்ட்டின் லூதர் கிங் அங்க போனப்போதான் சுட்டுக் கொன்னாங்க. தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு அட்டை பிடிச்சிருந்தாங்க. வெள்ளை அட்டையில் கொட்டை எழுத்தில் ‘ஐ ஆம் எ மேன்’. அதில் அந்த ‘ஆம்’க்குக் கீழ மட்டும் ஒரு அடிக்கோடு. வயசான ஆம்பளையைக் கூட ‘பையா’ன்னு கூப்பிட்ட ஊரில் அந்த அடிக்கோடு எல்லாத்தையும் பேசிடுச்சு. படமில்லை, கட்சிக்கொடி இல்லை, தலைவர் மூஞ்சி இல்லை. வரிசையா நிற்கிற ஆளுங்களும் எழுத்தும் மட்டும். இதைத் தமிழில் செய்யணும்னா அடிக்கோடு எங்க போடுவீங்க? நமக்கு அந்த ‘ஆம்’ கிடையாது. ‘நாங்களும் மனுசங்கதான்’னு எழுதி, ‘தான்’ மேல கையை வைக்கணும். மொழிக்கு மொழி வலி எந்த எழுத்தில் வந்து உக்காருதுங்கிறது வேற. அதைக் கண்டுபிடிக்கிறவன்தான் நல்ல எழுத்துக் கலைஞன்.

அப்படிப்பட்ட கலைஞர்கள் நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தாங்க. இப்போ இல்லை.

எங்க ஊர்ப் பக்கம் சுவர் விளம்பரம் எழுதுகிற ஒரு அண்ணன் இருக்கார். அறுபது தாண்டிட்டார். சுவத்துக்கு வெள்ளையடிச்சு, நீலம் தோய்ச்ச நூலை ரெண்டு பக்கமும் பிடிச்சுச் சுண்டிவிட்டுக் கோடு போட்டு, அளவே பார்க்காம ‘உங்கள் பொன்னான வாக்குகளை’ன்னு ஆரம்பிச்சார்னா, கடைசி எழுத்து சுவத்தோட ஓரத்தில் ஒரு சாண் மிச்சம் விட்டுக் கச்சிதமா முடியும். “எழுத்துக்கு வயிறு இருக்கணும் தம்பி, ‘க’வுக்கு வயிறு ஒட்டிப்போச்சுன்னா கட்சியே தோத்த மாதிரி இருக்கும்”பார். கறுப்புலயும் செவப்புலயும் ஷேடு போட்டால் ஒரு கட்சி, பச்சையில் எழுதினால் இன்னொரு கட்சி, நீலம் மஞ்சள் செவப்புன்னா வேற ஒண்ணு. பஸ் வேகத்தில் போகும்போதே படிக்காம கட்சி தெரியும். எல்லாக் கட்சிக்கும் அவர்தான் எழுதினார். காலையில் ஒருத்தருக்கு ‘வாக்களிப்பீர்’, சாயங்காலம் எதிர்த்த சுவத்தில் அடுத்தவருக்கு ‘வாக்களிப்பீர்’. எந்த ‘ழ’வையும் அவர் யாருக்கும் மட்டமா வளைச்சது கிடையாது.

ஃபிளக்ஸ் வந்துச்சு. அப்புறம் தெரிஞ்ச கதைதான். அரை நாளில் இருபதடி பேனர். அதில் முக்கால்வாசி மூஞ்சி. மீதிக் கால்வாசியில் எழுத்தைத் திணிக்கணும். பாமினியோ வானவில்லோ ஏதோ ஒண்ணை எடுத்து, இடம் பத்தலைன்னா மவுஸால இழுத்து நசுக்கி, இடம் இருந்தால் அகலத்தில் இழுத்து, ‘மாண்புமிகு’ ரோடு ரோலர் ஏறின மாதிரி படுத்துக் கிடக்கும். மேல தங்கக்கலர் பளபளப்பு வேற. ‘தமிழ் வாழ்க’ங்கிற பேனரிலேயே ‘ழ்’ல புள்ளி காணாமப் போனதைப் பார்த்திருக்கேன். ஒரு இந்தி எழுத்துக்குத் தார் டப்பா தூக்கிட்டு ஓடுற கட்சி எதுவும், தன் பேனரில் தமிழ் எழுத்து நசுங்கிக் கிடக்கிறதுக்காக ஒரு நாள் வருத்தப்பட்டதா நான் கேள்விப்படலை. பேனர் விழுந்து ஆள் செத்து, கோர்ட் தலையில் குட்டினதுக்கு அப்புறம்தான் கொஞ்சம் குறைஞ்சுது. அதுவும் எழுத்துக்காக இல்லை.

இதனாலதான் அந்த ‘ரூ’ எனக்கு முழுசா இனிக்கலை. நினைப்பு பிரமாதம், சரியான நேரத்தில் போட்ட அடி. ஆனா வடிவமா பார்த்தால்? உதயகுமார் வடிவத்தில் குத்தம் சொல்லலாம், அதில் இந்தி இருக்குன்னு சொல்லலாம், ஆனா அது வரைஞ்ச எழுத்து. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு யோசனை இருக்கு. அதுக்குப் பதில் சொல்ல நாமும் ஒண்ணு வரைஞ்சிருக்கணும். கைக்கெட்டுற தூரத்தில் பழைய சரக்கே இருக்கே: ௹. இது தமிழில் கணக்குப்பிள்ளைகள் ரூபாய்க்குப் போட்ட குறி. 2003-லேயே யூனிகோடில் ஏறியாச்சு. ₹ யூனிகோடுக்கு வர்றதுக்கு ஏழு வருசம் முன்னாடி! கல்யாணப் பத்திரிகையில் வருசத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, தேதிக்கு ௳ போடறோமே, பழைய பத்திரத்தில் ‘மேற்படி’க்கு ௸ போடறாங்களே, அதே குடும்பம். ஒரு நல்ல தமிழ் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு, இந்த ௹-வை எடுத்து இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி செதுக்கிக் கொடுப்பான்னு ஒரு வருசம் டைம் கொடுத்திருந்தால்? “நீங்க 2010-ல் குறி கண்டுபிடிச்சீங்க, எங்க கணக்குப்பிள்ளை எப்பவோ போட்டுட்டுப் போயிட்டார்”னு ஒரு வார்த்தை பேசாம சொல்லியிருக்கலாம். அந்த அம்மா கேட்ட 2010 கேள்விக்கும் அதுதான் சரியான பதிலா இருந்திருக்கும்.

“பழசைத் தோண்டுறதா சீர்திருத்தம், நீதானே இப்போ பெரியாரைப் புகழ்ந்தே?”ன்னு கேட்பீங்க. கேளுங்க. எழுத்தை மாத்தறதே புண்ணியம்னு நான் சொல்லலை. வா.செ.குழந்தைசாமி, உகர ஊகார வரிசை ஒழுங்கில்லாம இருக்கு, கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, ரு ஒரு மாதிரி, எல்லாத்துக்கும் ஒரே குறி போடலாம்னு பல வருசம் சொல்லிட்டு இருந்தார். கணக்குப்படி அவர் சொன்னது நியாயம். ஆனா அச்சு ஈயத்திலிருந்து கணினிக்கு வந்தாச்சு. கேஸில் அறை மிச்சம் பிடிக்கத் தேவையில்லாமப் போச்சு. பெரியாருக்கு இருந்த அச்சகக் காரணம் இவர் காலத்தில் பாதி கரைஞ்சிடுச்சு. நம்மாளுங்க கடுமையா எதிர்த்தாங்க, அது நின்னுபோச்சு. நல்லவேளைன்னு நினைக்கிறேன். அது நடந்திருந்தால் இந்த ‘ரூ’வே இந்த வடிவத்தில் இருந்திருக்காது. ‘ர’வும் பக்கத்தில் ஒரு குறியுமா நின்னிருக்கும். ஸ்டாலின் எதைத் தூக்கிக் காட்டியிருப்பார்?

எழுத்தை மாத்தலாம், காப்பாத்தலாம், பழசைப் புதுசாக்கலாம், எதுவானாலும் அதில் உக்காந்து வேலை செய்யணும். எழுத்துரு செய்ய ஆள் வேணும், சம்பளம் வேணும், வருசக்கணக்கு ஆகும். யூனிகோடு சமாச்சாரத்தில் நாம பட்ட பாடு உங்களுக்கே தெரியும். டிஸ்கியில் எழுதினதை டேபில் படிக்க முடியாம, திஸ்கியில் அனுப்பின கடிதம் அந்தப் பக்கம் கட்டம் கட்டமா போய்ச் சேர்ந்த காலத்தில், ராத்திரி கண் முழிச்சு மாற்றி எழுதிக் கொடுத்தவங்க யாரும் அமைச்சர்கள் இல்லை. காசு வாங்காம செஞ்ச தன்னார்வலர்கள். அரசாங்கம் 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு சமயத்தில்தான் யூனிகோடை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது. அதுக்குள்ள நாம ஊரு உலகமெல்லாம் யூனிகோடில் எழுதித் தீர்த்திருந்தோம். நாப்பத்து மூணு வருசம் ஆகலை, அதுவரைக்கும் சந்தோசம். :-)

இப்போ நான் கேட்கிறது ஒண்ணுதான். உங்க ஊர்ல கையால எழுதின சுவர், கடைப் பலகை, பஸ் பலகை, நாமக்கல் பக்கம்னா லாரியோட பின்பக்கம், எது மிச்சமிருக்கோ அதைப் போட்டோ எடுத்து வைங்க. எழுதினவர் மூலையில் ‘இன்னார் ஆர்ட்ஸ்’னு போட்டிருந்தால் அதையும் சேர்த்து எடுங்க. கட்சி விளம்பரமா இருந்தாலும் பரவாயில்லை, பிடிக்காத கட்சியா இருந்தாலும் பரவாயில்லை. ‘2026 வரை ரிசர்வ்’னு பேர் போட்டுப் பிடிச்சுவெச்ச சுவத்தைக் கூட விடாதீங்க. நாளைக்கு ஒரு பையனோ பொண்ணோ நல்ல தமிழ் எழுத்துரு செய்யணும்னு உக்காந்தால், ‘க’வுக்கு வயிறு எவ்வளவு இருக்கணும்னு பார்க்க அதுதான் இருக்கும்.

எங்க ஊர் அண்ணன்கிட்டயே போன மாசம் கேட்டேன். இப்போ அவருக்கு டீக்கடை விலைப்பட்டியல், கோயில் உபயதாரர் பட்டியல், எப்பவாவது ஒரு லாரி, அவ்வளவுதான் வேலை. “அண்ணே, நீங்க ₹ போடுவீங்களா, ரூ போடுவீங்களா?”ன்னு கேட்டேன். ஏதாவது அரசியல் பேசுவார்னு பார்த்தேன். பிரஷை மண்ணெண்ணெய் டப்பாவில் அலசிக்கிட்டே சொன்னார்.

“இடத்தைப் பார்ப்பேன் தம்பி. சின்னப் பலகைன்னா அந்த ரெண்டு கோடு போட்டது போதும், சீக்கிரம் முடியும். பெரிய சுவர்னா ரூ. அதோட வாலைச் சுழிச்சு விடுறதுல ஒரு சொகம் இருக்கு.”